ஒரு படி தவிடும் ஒரு குழாய் ரத்தமும்

என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அஞ்சலை அக்காவுக்கு,

நாற்பத்திரண்டு வருஷமாக உன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள் எழுதுகிறேன். நான் உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்டிருந்தால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், கூட்டம் கூடிவிடும். இப்போது நீ குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். ஆட்டை யார் மேய்ப்பது என்று கேள்வி வந்தபோது நீ ஏழாவது போய்க்கொண்டிருந்தாய், நான் ஆட்டோடு போனேன். அதையும் நான் மறக்கவில்லை. பெரிய மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். என் வார்த்தையை மாற்றினால் சோறு கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதமாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் நின்றால் கொல்லைப் பக்கம் ஏதோ விட்டுவந்தது போல இருக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. நீ செய்த வேலை அக்கா இது. செய்துவிட்டு மறந்தும் போய்விட்டாய்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் நீ உன் பிள்ளை முருகேசனைப் பார்த்து, "யார் இந்த ஆளு, வூட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கினு இருக்கான்?" என்று கேட்டாயாம். அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிரித்த முகத்தைத் திருப்பிக்கொண்டு, தான் ஓட்டுகிற லாரியின் சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தான். எல்லாவற்றையும் நீ மறந்துவிட்டதால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மறக்காது. என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போன நாத்தனார் அன்றைக்கு என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன். காலையில் எழுந்ததும் பகைக்காரர்களை வரிசையாக நினைத்துப் பார்ப்பது என் பழக்கம். வரிசையில் முதல் ஆள் நீதான்.

அம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயதில் அந்த நோவு ஆரம்பித்தது. முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். பிறகு ஒரு நாள் கச்சிராயபாளையம் சந்தைக்கு என்று கிளம்பியவள் வெள்ளிமலை ரோட்டில் ஏறிப் போய்விட்டாள். இரண்டு நாள் தேடினோம். மலைக்காரர்கள் நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மடி நிறையக் கடுக்காய் பொறுக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "ஏம்மா, எங்க வூடு எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஊரில் காற்று கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள்.

உனக்கு ஐம்பத்தெட்டில் வந்தபோது யாரும் மந்திரிக்கச் சொல்லவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மூளை சுருங்குகிறது, இது உங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதோ என்று சந்தேகப்பட்டார். முருகேசனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குச் சொன்னார். நீ படுக்கையில் இருந்த கடைசி வருஷம் அவர்கள் வந்து உன்னிடம் ஒரு குழாய் ரத்தம் எடுத்தது அப்படித்தான். முருகேசனிடம் எடுத்தார்கள். இங்கே வந்து என்னிடமும் என் இரண்டு பெண்களிடமும் எடுத்தார்கள். மலை மேல் வெள்ளிமலைப் பக்கத்துக் கிழவன் கிழவிகளிடமும் எடுத்தார்களாம். எண்பது தாண்டியும் விறகுக் கட்டோடு மலை ஏறுகிறவர்கள் அவர்கள்.

அந்தக் குழுவில் நந்தினி என்று ஒரு பெண். திருநாவலூர்க்காரி, படித்துவிட்டுச் சென்னையில் இருக்கிறாள். ஊசி குத்துவது அவள் வேலையில்லை. ரத்தத்துக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படிப்பதுதான் வேலை. மடியில் கம்ப்யூட்டரை வைத்து எனக்குக் காட்டினாள். எறும்பு வரிசை போல எழுத்து ஓடியது.

"நாலே எழுத்துதான் ஆயா. அதையே மாத்தி மாத்திப் போட்டு முந்நூறு கோடி எழுத்து ஓடுது ஒடம்புக்குள்ள."

"யாரு குந்திக்கினு எண்ணுனது?"

"கம்ப்யூட்டர்தான். நான் கேள்வி கேப்பேன், அது தேடிக் குடுக்கும். மறந்தவங்க எல்லாருக்கும் ஒரே எடத்துல எழுத்து மாறியிருக்குதா, மறக்காதவங்களுக்கு அதே எடம் சரியா இருக்குதான்னு. அந்த எடம் தெரிஞ்சா நோவு எங்கேர்ந்து கெளம்புதுன்னு புரியும். புரிஞ்சாத்தான் மருந்துக்கு வழி."

"மருந்து எப்ப வரும்?"

"தெரியல ஆயா."

அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. நம்மிடம் வந்த வைத்தியக்காரர்களில் எவன் தெரியவில்லை என்று சொன்னான்?

"நோவு வந்தவ எங்க அக்கா. என் ரத்தம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க மறக்காதவங்க ஆயா. மறந்தவங்கள யாரோட வெச்சுப் பாக்கறது? ஒரே வயித்துல பொறந்து ஒருத்தருக்கு வந்து ஒருத்தருக்கு வரலன்னா, அதுதான் எங்களுக்கு ரொம்ப வேணும்."

எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரால் ஒன்றும் செய்ய முடியாதாம். யார் யாருக்குப் பிறந்தவர்கள் என்று வம்சப் படம் வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோவு வந்தவர்களுக்குள் மை. ஐந்து தலைமுறைக்கு நான் பேர் சொன்னேன். பிறந்து பேர் வைக்காமல் போனதுகளைக்கூடச் சொன்னேன். தாள் போதாமல் அவள் இன்னொன்றை ஒட்டினாள்.

"அஞ்சலை ஆயாவுக்கு எத்தன புள்ளைங்க?"

"ஒண்ணே ஒண்ணு. முருகேசன்."

சொல்லும்போது என் வாய் குழறவில்லை. அத்தனை வருஷப் பழக்கம்.

இனி முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. போன அரவையின்போது கரும்பு லாரியோடு தியாகதுருகம் கூட்டு ரோட்டில் நின்றுவிட்டான். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லையாம். பின்னால் வந்தவன் ஆரன் அடித்த பிறகு வழி வந்துவிட்டது. ஆனால் அவன் லாரியை ஆலையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாவியைக் கழற்றி வைத்துவிட்டான். எனக்கு வந்துவிட்டது என்றான். வயது நாற்பத்தைந்துதான்.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் பார்த்தார். ஒன்றுமில்லை, பயம், தூக்கம் கம்மி என்றார். இவன் நம்பவில்லை. சுவர் பூராச் சீட்டு எழுதி ஒட்டினான். மோட்டார் சைக்கிளைத் தொடுவதில்லை. அதோடு விட்டானா? அவன் மகள் தேன்மொழிக்கு உளுந்தூர்பேட்டையில் ஓட்டல் வைத்திருக்கிற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இவனே போய், எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு நோவு, பாட்டிக்கு வந்தது, அம்மாவுக்கு வந்தது, எனக்கும் வந்தாயிற்று, என் பெண்ணுக்கும் வரும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று போனில் கேட்டேன்.

"தெரிஞ்சே ஒரு வூட்டுக்கு நோவக் குடுத்து அனுப்பறதா சின்னம்மா?"

தேன்மொழி தனியாகப் போன் போட்டாள். "சின்ன ஆயா, அப்பா நீ சொன்னாத்தான் கேக்கும். எதுனா சொல்லு." அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன சொல்ல? சொல்ல வேண்டியது என் வாய்க்குள்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம், சாப்பிட்டியா என்று கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நந்தினி மறுபடி வந்தாள். குழுவோடு வரவில்லை, தனியாக வந்தாள்.

"கொழாய் மாறிப் போச்சுன்னு நெனைக்கறேன் ஆயா. இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும்."

"யாரோட கொழாய்?"

"அம்மாகிட்டேருந்து புள்ளைக்குப் பாதி வரும். யாரா இருந்தாலும் பாதிதான். முருகேசன் மாமாகிட்ட அஞ்சலை ஆயாவோடது கால் பங்குதான் இருக்குது. உங்களோடதுதான் பாதி இருக்குது. உங்க சீட்டும் அவங்க சீட்டும் மாத்தி ஒட்டிட்டாங்களோன்னு பாத்தேன். ஆனா உங்க பொண்ணுங்க ரெண்டு பேரும் உங்ககிட்ட சரியாப் பொருந்தறாங்க. அதான்..." என்று நிறுத்தினாள்.

அதான் என்றால் அவளுக்கே புரிந்துவிட்டது என்று அர்த்தம். வாசலில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. அதை எதற்கு விரட்டினேன் என்று தெரியாது, எழுந்து போய் விரட்டிவிட்டு வந்தேன்.

"கொழாய் மாறலம்மா" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரை மூடினாள். "ஆயா, நீங்க எதுவும் சொல்ல வேணாம். யாரு யாருக்குப் புள்ளைன்னு தெரிஞ்சாலும் எங்க வாயால வெளிய வராதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். படத்துல பேருகூட இல்ல, நம்பர்தான். கோட்ட மட்டும் திருத்திக்கறேன். தப்பான கோட்ட வெச்சிக்கினு பல மாசமா தப்பான எடத்துலயே தேடிக்கினு இருந்திருக்கேன்."

அவளிடம் நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை அக்கா. தவிட்டுக்கு வாங்கின வீட்டுக்குத்தான் பிள்ளை என்பது நம்முடைய கணக்கு. கம்ப்யூட்டருக்குத் தவிடு தெரியவில்லை.

நீ மறந்ததை இப்போது சொல்கிறேன், கேள். என் முதல் பிள்ளை ஒன்பதாம் நாள் போயிற்று. அடுத்தது நாற்பது நாள் இருந்தது. மூன்றாவதை நான் சுமந்துகொண்டிருக்கும்போதே அம்மா முடிவு கட்டிவிட்டாள். "இது குப்பு புள்ளையா இருந்தா தங்காது. தவிட்டுக்கு வித்துடணும்." ஒரு படி தவிடு கொடுத்து இன்னொருத்தி வாங்கிக்கொண்டால், தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பெரும்பாலும் பேருக்குத்தான் விற்பார்கள், பிள்ளை பெற்றவளிடமே வளரும். ஆனால் அம்மா பயந்து போயிருந்தாள். மூன்று வயது வரை அஞ்சலை வீட்டிலேயே வளரட்டும், அப்புறம் அதே படியால் தவிட்டைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள் என்றாள்.

உனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. பச்சைக் கரை போட்ட சேலையில் வந்தாய். அம்மாவின் பித்தளைப் படியில் தலை தட்டிய தவிடு. அதை என் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய். ஆறு மாதம் அம்மா வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பால் நான் கொடுத்தேன், பேர் நீ வைத்தாய். பிறகு மணலூர்பேட்டைக்குக் கொண்டுபோனாய்.

மூன்று வயது முடிந்த ஆடியில் நான் தவிட்டோடு வந்தேன். உன் வீடு பூட்டியிருந்தது. கரும்புக் கொல்லைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். உச்சி வேளை பஸ்ஸில் வந்தவள் கடைசி பஸ் வரைக்கும் உன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ பிள்ளையோடு கரும்புக்குள் ஒளிந்திருந்தாய். வெளியே வந்தபோது அவன் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து அழுதான். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "வாங்குனது வாங்குனதுதான் குப்பு. நீ போ."

தவிட்டை உன் வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன். உன் கோழிகள் தின்றன.

அம்மா நம் இரண்டு பேரையும் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரத்தைக் கையால் அணைக்கச் சொன்னாள். அவன் அஞ்சலை பிள்ளை, இதை இனி யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். உனக்கு இன்னும் ரெண்டு பொறக்கும், இவளுக்கு யாரு இருக்கா என்று என் காதில் சொன்னாள். எனக்குப் பெண்கள் இரண்டு பிறந்தார்கள். அதனால் அந்த இடம் நிரம்பிவிடுமா? விஷயம் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சத்தியம் வாங்கிய அம்மாவே அதை மறந்தாள். பிறகு நீயும் மறந்தாய். நாம் இரண்டு பேரும் அணைத்த கற்பூரத்தின் சூட்டை நான் ஒருத்தியே கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நந்தினி கிளம்பும்போது வாசல்வரை போய்க் கேட்டேன். "எனக்கு எழுவது வயசு. எனக்கு இன்னும் வரல. என் வயித்துல பொறந்ததுக்கு வருமா?"

அவள் செருப்பைப் போட்டவள் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். "உங்க குடும்பத்துல வர்றது சீக்கிரமா வர்ற வகை ஆயா. உங்ககிட்ட அந்த மாறுன எழுத்து இல்லன்னா உங்க வழியா உங்க புள்ளைங்களுக்கு வராது. இருந்திருந்தா இந்நேரம் காட்டியிருக்கும்னுதான் நெனைக்கறேன். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அந்த எழுத்த நாங்க இன்னும் புடிக்கல. வயசானா யாருக்கும் வர்ற மறதி வேற இருக்குது."

யோசித்துப் பார் அக்கா. என் பகை, என் நினைவு, ஊரே என்னைக் கண்டு ஒதுங்குகிற இந்த நாக்கு, இதுதான் அவனுக்கு நோவு வராது என்பதற்கு இருக்கிற அத்தாட்சி. அவன் உன் பிள்ளையாக இருக்கிறவரை பயந்தே சாவான். என் பிள்ளை என்று தெரிந்தால் பிழைப்பான். ஆனால் அப்படிப் பிழைக்க, அவன் உன்னை இழக்க வேண்டும்.

இதில்தான் எனக்கு நிலைகொள்ளாமல் போயிற்று. அவனுக்காகச் சொல்லப் போகிறேனா, உன்னைத் தோற்கடிக்கச் சொல்லப் போகிறேனா? ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் சட்டென்று கச்சிராயபாளையம் ரைஸ் மில்லுக்குப் போய்த் தவிடு வாங்கினேன். அதே பித்தளைப் படியில் அளந்து மஞ்சள் பையில் கட்டினேன். நோவுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நோவைச் சொல்லப் போகிறவளுக்குத் தவிடு எதற்கு?

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, உச்சி வேளைக்கு உன் ஊரில் இறங்கினேன். வழியெல்லாம் உனக்குச் சொல்ல வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

முருகேசன் மாட்டுக் கொட்டகையில் இருந்தான். மருமகள் வசந்தா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். பழக்கத்தில் வேண்டாம் என்றேன். அவளும் பழக்கத்தில் எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே சுவர் பூராச் சீட்டு. அடுப்பு அணைக்கணும். மருந்து எட்டு மணி. ஒரு சீட்டில் வசந்தா, மனைவி என்று பெரிதாக எழுதியிருந்தது.

"நான்தான் பெருசா எழுதச் சொன்னேன் அத்தை" என்றாள் வசந்தா. "மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிச்சிடக் கூடாது பாருங்க. ஒட்டி ஒட்டி சுண்ணாம்பெல்லாம் பேந்துக்கினு வருது."

முருகேசன் கை கழுவிக்கொண்டு வந்தான். பையைப் பார்த்தான்.

"இன்னா சின்னம்மா, தவிடா? மாட்டுக்கு இங்கியே கெடைக்குதே." பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து மோந்தான். "இதப் பாத்தாலே அம்மா நெனப்புதான் வருது."

"ஏன்டா?"

"கடசி வருஷம் பூரா இதேதான். உச்சி வேளையானா கதவண்ட வந்து குந்திக்கும். 'பஸ்ஸு வர்ற நேரமாச்சு, குப்பு தவிடு எடுத்துக்கினு வருவா, புள்ளையக் குளிப்பாட்டித் தல வாரி விடு'ன்னு வசந்தாவப் போட்டுப் பிடுங்கும். எந்தப் புள்ளன்னு எங்களுக்குத் தெரியல. இவ சீப்ப எடுத்தாந்து சும்மா வாரி விட்ட மாதிரி காட்டுவா. அப்பதான் அடங்கும்."

"பஸ்ஸு போனதும் அழுவாங்க அத்தை" என்றாள் வசந்தா. "அவ வரலையே, அவ வரலையேன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு வருஷம் தீட்டி வைத்த வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை அக்கா. பேர் மறந்து, முகம் மறந்து, சோறு தின்ன மறந்து போனவள், என் தவிட்டை மட்டும் மறக்கவில்லையா? உச்சி வேளை பஸ்ஸை மறக்கவில்லையா? கரும்புக்குள் ஒளிந்தவள் தினமும் பிள்ளைக்குத் தலை வாரி வைத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தாயா? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேன். யார் சொல்வார்கள்? உன் வீட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவளிடம் யார் சொல்வார்கள்?

பிறகு சொன்னேன். ரத்தத்தில் கால் பங்கு, பாதிப் பங்கு, தவிடு, கற்பூரம், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். நீ கரும்புக்குள் ஒளிந்ததை மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் வயதில் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அதுவே நடந்ததாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அவன் படிக்கும்போது உண்மை தெரிந்துவிடும். தெரியட்டும், அதற்குள் அவனுக்குக் கோபம் கம்மியாகியிருக்கும்.

அவன் அந்தப் பிடித் தவிட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அப்பா?"

"சித்தப்பான்னு கூப்புடுவியே, அவருதான். அவரும் பீச்சாங்கைக்காரரு. உன்னாட்டம்."

தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். நோவு வராதா என்று முதலில் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"அம்மாவுக்கு நான்தான கொள்ளி வெச்சேன். அது செல்லுமா சின்னம்மா?"

வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் பிள்ளை, நான் பெற்ற பிள்ளை, என்னைப் பார்த்துக் கேட்கிறான். என்ன பதில் சொன்னாலும் நம்புகிற முகம். உன்னைத் தோற்கடிக்க அந்த ஒரு நொடி போதும் எனக்கு. அதற்காகத்தான் படியில் தவிட்டை அளந்தேன்.

"செல்லும்டா" என்றேன். "வாங்குனது வாங்குனதுதான்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கே உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "தவிட்ட இன்னா பண்றது?" என்று கேட்டான்.

"மாட்டுக்கு வையி."

நாலு மாதமாகத் தொடாத மோட்டார் சைக்கிளை எடுத்து என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான். வழியில் எந்த முக்கிலும் நிற்கவில்லை. எங்கே திரும்புவது என்று யோசிக்கவும் இல்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, "எறங்கனதும் போன் பண்ணு சின்னம்மா" என்றான். சின்னம்மா என்றுதான் சொன்னான்.

இதை எழுதி, நாலு பேர் படிக்கிற மாதிரி வெளியில் போடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "போடு சின்னம்மா. நம்மள மாதிரி வம்சப் படத்தத் தப்பாச் சொன்னவங்க இன்னும் எத்தினி பேரு இருக்காங்களோ" என்றான். உளுந்தூர்பேட்டைக்கு ஆள் அனுப்பியிருக்கிறான், அங்கிருந்து இன்னும் பதில் இல்லை. தேன்மொழி தினமும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளாம். என் பெண்கள் இரண்டு பேரும், இத்தனை நாள் அண்ணனை மறைத்து வைத்தாயே என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பகை வைப்பதில் என்னைப் போலத்தான்.

போன வாரம் நந்தினி திருத்திய படத்தோடு வந்தாள். உன் வட்டத்தில் மை. என் வட்டம் வெள்ளை. முருகேசனின் கோட்டை உன்னிடமிருந்து அழித்து என்னிடம் இழுத்திருந்தாள். உன் வட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏம்மா, பெத்தவளுக்குத்தான் கோடா? வளத்தவளுக்குக் கோடு கெடையாதா?"

"இருக்குது ஆயா, மறந்துட்டேன்" என்று பேனாவை எடுத்தாள். "வளத்தவங்களுக்கு இப்படித்தான் போடணும்." உன் வட்டத்திலிருந்து அவன் கட்டம் வரைக்கும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டாள். வாசலில் தவிடு சிந்தியது போல இருந்தது.

இனி ஒவ்வொரு வருஷமும் வந்து என் நினைவைச் சோதிப்பாளாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். எனக்கு வரவில்லை. அது மறதி இல்லை, அந்தக் கணக்கு நடத்தும்போது நான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். ஆனால் பயம் போகவில்லை அக்கா. நான் ஒரு பேரை மறந்தால் முருகேசன் மறுபடி சீட்டு ஒட்ட ஆரம்பிப்பான். காலையில் எழுந்ததும் பகைக்காரர்களை எண்ணுகிறேன், நாத்தனாரின் அப்பளம் முதல். முதல் ஆளாக இருந்த உன் பேர் இப்போது வரிசையில் இல்லை. அந்த இடத்துக்கு வரும்போது நாக்கு ஒரு நொடி நிற்கிறது. மறந்துவிட்டேனோ என்று தூக்கிவாரிப் போடுகிறது.

உன் திதி வருகிறது. பெண்ணையாற்றங்கரையில் முருகேசன்தான் உனக்குப் பிண்டம் வைப்பான், உன் பிள்ளையாக. நான் உச்சி வேளை பஸ்ஸில் வருவேன். இந்தத் தடவை கையில் தவிடு இருக்காது. வசந்தா சொம்பை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் வீட்டுத் தண்ணீரை உன் கதவண்டை உட்கார்ந்து குடிப்பேன். நீ எனக்காக உட்கார்ந்திருந்த இடத்தில். இது சத்தியம். கற்பூரம் இல்லாமல் சொல்கிறேன்.

உன் பிள்ளைக்குச் சின்னம்மா,
உன் தங்கை குப்பு